தரை காயும் வரை

இறங்கித் தொலைத்திருக்கலாம். பெயின்டர் அந்தோணி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, எறங்கிக்கிறீங்களா, இந்தப் பக்கம் அடிக்கோணும்" என்று மரியாதையாகத்தான் கேட்டான். சாந்தாமணிதான், அவன் முன்னால் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டூலிலிருந்து குதிக்க வெட்கப்பட்டு, "நீ அடி சாமி, நான் இப்பிடியே உக்காந்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். அவனும் தரைக்குப் பெயின்ட் அடித்துவிட்டான். சமையலறைச் சுவரோரம் ஆரம்பித்து, ஸ்டூலின் கால்களை வளைத்து, பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய், "முக்கா மணி நேரங்க்கா, காய்ற வரைக்கும் கால மட்டும் வெச்சுராதீங்க, அச்சு உழுந்துரும்" என்று சொல்லிவிட்டு எதிர்ச் சாரிக்கு டீ குடிக்கப் போய்விட்டான். இப்போது கடை முழுக்க ஈரம் பளபளக்கிறது. தெருவைப் பார்த்த கண்ணாடியை ஒட்டி, இரண்டரை அடி உயரத்தில், இடது முழங்கால் சரியில்லாத, நாற்பத்தாறு வயதுப் பொம்பளை ஒருத்தி துணிக்கடை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். வடவள்ளியில் போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பழைய பேக்கரிக்கு வந்துகொண்டிருந்த வாத்தியார் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, ஹெல்மெட்டைத் தூக்கி, சிரித்துவிட்டுப் போனார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது இந்த மனுஷனுக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஸ்டூலுக்காகத்தான் மூன்று வாரமாகச் சண்டை. மகள் கீர்த்தனாவோடு கல்லூரியில் படித்தவள் மிருதுளா. கடைகளுக்கு உள் அலங்காரம் செய்து தருகிறாள். அவள் லேப்டாப்பில் படம் காட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பேன்ட் போட்டுக்கொண்டு, வயிறு என்ற ஒன்றே இல்லாமல் இருந்தார்கள். புடவை கட்டினவள் இதில் எப்படியம்மா ஏறுவாள் என்று கேட்டதற்கு, "ஏறிடலாம் ஆன்ட்டி, கால் வைக்க கீழ கம்பி இருக்கு" என்றாள். ஏற முடியாது என்று நிரூபிக்கத்தான் இன்று காலை வந்ததும் வராததுமாக ஏறினாள். ஏறிவிட்டாள், அதுதான் கேவலம். ஏறிய பிறகு கொசுவம் கம்பியில் மாட்டிக்கொண்டது. இந்த ஊரில் எவன் உட்கார்ந்து காபி கேட்டான்? பதினெட்டு வருஷம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பேக்கரி நடத்தினார்கள், நாற்காலி என்று ஒன்று போட்டதில்லை. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் தேங்காய் பன், வாசலில் நின்றுகொண்டே ஊர் நியாயம் முழுக்கப் பேசிவிட்டுப் போவார்கள். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அந்தக் கட்டடம் போனது, இந்த இடம் கிடைத்தது, கீர்த்தனா பெங்களூரிலிருந்து போனிலேயே ஆட்டி வைத்தாள்: பன் வேண்டாம்மா, பேஸ்ட்ரி போடுங்க, ஃபில்டர் காபி போடுங்க, உக்கார இடம் போடுங்க. போட்டாயிற்று. மேல்கூரைக்குக் கறுப்பு அடித்தாயிற்று. ஈ உட்கார்ந்தால் தெரியாது. ஒரு பக்கச் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டாயிற்று; பாதி வேலையில் மேஸ்திரி ஓடிப்போன வீடு மாதிரி இருக்கிறது, அதைத்தான் அழகு என்கிறாள். பல்புகள் ஒயரில் தொங்குகின்றன, மூடி இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில். "ஏம்மா, ஒரே அளவா வெட்டக்கூடாதா ஒயர?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கை கழுவ ஒரு பேசின் வைக்கச் சொல்லி வாங்குவதற்கு மட்டும் ஒரு வாரம். "ஃபோர்க்லதான சாப்பிடுவாங்க ஆன்ட்டி." ஃபோர்க்கில் சாப்பிட்டாலும் நம் ஊர்க்காரன் கை கழுவாமல் எழுந்து போவானா? கடைசியில் பேசின் வந்தது. பிளாஸ்டிக் இலைக்கொடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். தேடிக் கண்டுபிடிக்கிறவன் கழுவிக்கொள்ளலாம். கை கழுவுவது என்ன அவ்வளவு மறைக்க வேண்டிய விஷயமா? கை. சரி, அதை விடு. பல்பு. பல்பைப் பற்றி நினை.

போன் அடித்தது. அவளுடைய போன்தான். அது எங்கே இருக்கிறது? சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஆறடி அகலத்துக்குச் சுவரை வெட்டி மரச்சட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள், கண்ணாடி வரவேண்டிய இடம். அந்தச் சட்டத்தின் கட்டை மேல், சார்ஜ் ஏறிக்கொண்டு, சமையலறைப் பக்கமாக இருக்கிறது. அவளுக்கும் அதற்கும் இடையில் பன்னிரண்டடி ஈரம். சட்டத்துக்கு அந்தப் பக்கம் கணவர் குழந்தைவேல் புது அடுப்பைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். மாவு மிக்சர் போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. கேட்கக் கூடாது சாமி, கேட்கக் கூடாது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பத்தே முக்கால். மிருதுளாவாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குள் கண்ணாடிக்காரரிடம் முடிவு சொல்லியாக வேண்டும், கூப்பிடுகிறேன், உறுதிப்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தாள். வியாழக்கிழமையையும் மறந்து, போனையும் அங்கே வைத்துவிட்டு, இங்கே வந்து குரங்கு மாதிரி ஏறி உட்கார்ந்தாயே, உன்னை என்ன செய்தால் தகும்? போன் அடித்து ஓய்ந்தது. மிக்சர் ஓடிக்கொண்டே இருந்தது.

முந்தாநாள் அவர் ஈஸ்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மிருதுளாவைக் கூப்பிட்டவள் அவள்தான். ஸ்டூலுக்கும் பல்புக்கும் பேசினுக்கும் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவள், அந்தக் கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து இருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சமையக்கட்டுக் கண்ணாடி மட்டும் மங்கலாப் போட்டுரு கண்ணு. பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுவாங்கல்லோ, அந்த மாதிரி." அந்தப் பெண் விடவில்லை. "ஆன்ட்டி, அங்கிள் வேலை செய்யறது தெரியணும்னுதான அந்தச் சுவரையே வெட்டினோம்? கீர்த்துவும் அதைத்தான சொன்னா?" ஆமாம், கீர்த்தனா சொன்னாள். அப்பா செய்யறத எல்லாரும் பாக்கட்டும்மா என்றாள். அவளுக்கென்ன, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவாள். "தூசி வரும், ஈ வரும், அடுப்புச் சூட்டுக்கு மங்கல்தான் நல்லது" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சாந்தாமணி அடுக்கினாள். மங்கல் கண்ணாடிக்கு ஈ வராது என்று எந்த மடையன் சொன்னான்? "அங்கிள்கிட்டச் சொல்லிக்க வேண்டாம், நான் சொல்லிக்கறேன்" என்று வேறு முடித்தாள். சொல்லவில்லை. முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டில் சொல்ல வாயெடுத்து, ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டாள். நேற்றுக் காலை வாயெடுத்து, ஈஸ்ட் நல்லதா என்று கேட்டாள். எதைச் சொல்வது? உங்கள் கையை யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்வதா?

கல்யாணமாகி நாலாவது வருஷம் அவருடைய மோதிர விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. சுட்டுக்கொண்டீர்களா என்று கேட்டாள். மறு வருஷம் ஐந்து விரலிலும். இப்போது இரண்டு கையும் மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேல்வரை வெள்ளை, அதற்கப்புறம் அவருடைய மாநிறம். மாவு பிசையும்போது வித்தியாசமே தெரியாது. பேக்கரிக்காரன் கையில் மாவு ஒட்டியிருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கழுவினால்தான் வம்பு, கழுவினாலும் போகாது. ஒட்டாது, அடுத்தவருக்குப் பரவாது, தொட்டால் ஒன்றும் வராது, சாப்பாட்டில் இறங்காது. டாக்டர் சொன்ன நாலும் அவளுக்கு மனப்பாடம். எத்தனை பேரிடம் ஒப்பிப்பது? கடை வாசலில் மிருதுளாவை விட்டு அழகான எழுத்தில் ஒரு போர்டு எழுதி மாட்டலாமா, தொட்டால் ஒன்றும் வராது என்று? பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள், பிள்ளைக்கு முதல் பிறந்தநாள், மஞ்சள் வாத்து வைத்த கேக். அன்றைக்கென்று சாந்தாமணி வேறு ஆளுக்குப் பன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்க, அவரே உள்ளேயிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, பேர் சரிதானுங்களா பாருங்க என்று சிரித்துக்கொண்டு நீட்டினார். அந்தப் பெண் பேரைப் பார்க்கவில்லை. பெட்டியின் இரண்டு பக்கமும் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "பர்ஸு வண்டில இருக்குங்க, எடுத்துட்டு வந்தர்றேன்" என்று போனவள்தான். கேக் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. மஞ்சள் வாத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்தது. கடை சாத்தும்போது அவர், "வரலியா அந்தம்மா?" என்றார். "வரலீங்க. மறந்துருப்பாங்க" என்றாள். அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டு, கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவை அடைத்து, பெட்டி ஒன்று நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன திறப்பு வைத்தாள். அவர் உள்ளேயிருந்து தள்ளுவார், அவள் வெளியேயிருந்து வாங்குவாள். மாதா மாதம் பெட்டி பெட்டியாகக் கையுறை வாங்கிப் போட்டாள். மாஸ்டரைப் பார்க்கவே முடியலியே என்று கேட்டவர்களிடம், "அவுரு கூச்ச சுபாவமுங்க" என்றாள். கூச்சமாம். கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடுங்கிப் பாட்டுப் பாடின மனுஷன். எதற்காக இந்த அடைப்பு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். கேட்காததுதான் பதினோரு வருஷமாக அவள் உயிரை வாங்குகிறது.

மறுபடி போன். மிக்சர் சத்தம் கொஞ்சம் இறங்கினது போலிருந்தது, இல்லை, இறங்கவில்லை. அடியம்மா மிருதுளா, ஒருதரம் எடுக்கவில்லை என்றால் விட வேண்டியதுதானே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அந்தக் கை தெரியுமா தெரியாதா? வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள், அந்தக் கை எடுத்துக் கொடுத்த முட்டை பஃப்ஸை இரண்டு மூன்றாகத் தின்றிருக்கிறாள். தெரிந்தேதான் ஆறடிக்குச் சுவரை வெட்டினாளா? தெரிந்து வெட்டினாள் என்றால் அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லையா, அல்லது ஐயோ பாவம் என்று வெட்டினாளா? இரண்டில் எது என்றாலும் எரிச்சலாகத்தான் வந்தது. தானும் இப்படிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவன் பார்வைக்கெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு, அரை மணி நேரம் ஆகப்போகிறது. உடம்பு கூசுகிறது. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்ததற்கே இந்தப் பாடு. அவர் நாள் முழுக்க நிற்க வேண்டுமே? பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அம்மா அந்தத் தாத்தா கை ஏன் அப்படி இருக்கு என்று கேட்காதா? கீர்த்தனாவுக்கு இருபத்திரெண்டு முடியப்போகிறது. பெண் கேட்டு வருகிறவர்கள் கடைக்கு வராமலா போவார்கள், ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, பர்ஸ் வண்டியில் இருக்கிறது என்று எழுந்து போனால்? போகட்டும், அப்படிப் போகிற வீடு எதற்கு என்று கீர்த்தனா சொல்வாள். சொல்வாள்தான். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாளா மாட்டாளா, அதை யார் பார்ப்பது? மங்கலாக இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்? உள்ளே ஒரு ஆள் நடமாடுவது தெரியும். வெள்ளைத் தொப்பி தெரியும். அது போதாதா? போதும். போன் ஓய்ந்தது.

மிக்சர் நின்றது. நின்றதும் கடைக்குள் இருந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டத்துக்கு அப்பால் குழந்தைவேல் மாவை மேஜை மேல் கவிழ்த்தார். பக்கத்தில் கையுறைப் பெட்டி இருந்தது, பிரிக்காமல். வெறுங்கையால் மாவைத் தட்டினார், கட்டையால் விரித்தார், தட்டையாக்கிய வெண்ணெயை நடுவில் வைத்து மூன்றாக மடித்தார், திருப்பினார், மறுபடி விரித்தார். பஃப்ஸுக்கு மடிக்கிற மாதிரிதான், ஆனால் இதற்கு அடுக்கு அதிகம். ஐம்பது வயதில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்தப் பிறை வடிவ ரொட்டியைக் கற்றுக்கொண்டார். முக்கோணமாக வெட்டி, நுனியை லேசாக இழுத்து, உருட்டிக்கொண்டே வந்து, வளைத்து வைத்தார். ஒன்று. இரண்டு. அவசரமே இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பதினோரு வருஷம் அந்தத் திறப்பின் இந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள். பின்பக்கமாக உள்ளே போனாலும் தட்டை எடு, கூடையை வை, எத்தனை ஆச்சு என்றுதான். ஒரு வாடிக்கையாளர் மாதிரி முன்னால் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல் அவரைப் பார்த்ததே கிடையாது. இந்த மனுஷன் வேலை செய்தால் இவ்வளவு அழகாக இருப்பாரா? அடுத்த நொடியே கண் தானாகக் கைக்குப் போயிற்று, மணிக்கட்டில் வெள்ளை முடிகிற அந்தக் கோட்டுக்கு. சட்டென்று தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள். யாராவது அவரைப் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் முறை போன் அடித்தது. "நான் எடுக்கறேன், உடுங்க!" என்று கத்தினாள். எப்படி எடுப்பாளாம்? பறந்தா? அதற்குள் அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டார். "சொல்லு கண்ணு. ஆமா, அங்கிள்தான். அவ ஸ்டூல்மேல இருக்கறா, எறங்க முடியாம" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கேட்டுக்கொண்டே இருந்தார். "எது? ம். எப்பச் சொன்னாங்க? முந்தாநேத்தா. ம்." சாந்தாமணி தூசி, ஈ, சூடு, தூசி, ஈ, சூடு என்று அவசர அவசரமாக அடுக்கி வைத்துக்கொண்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, மாவு ஒட்டிய உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஈரத் தரைக்கு அப்பாலிருந்து அவளைப் பார்த்தார்.

"கண்ணாடி மங்கலா, பளிச்சுன்னான்னு கேக்குது அந்தப் புள்ள. நீ மங்கல்னு சொன்னியாமா."

"சொன்னேனுங்க."

"ஏன்?"

தூசி என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் சரி என்று அவரும் கேட்டுக்கொள்வார், ஆசாரி வந்து கதவை அடைத்த அன்று கேட்டுக்கொண்ட மாதிரி. அவள் வாயைத் திறந்தாள். "உங்க கைக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று திடுக்கிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தெரியும் சாந்தா" என்றார். "அந்தக் கதவ அடைச்சப்பவே தெரியும். உனக்கு அப்பிடி இருந்தாத்தான் நிம்மதின்னு உட்டுட்டேன்." போனைப் பொத்தியிருந்த கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொண்டார், யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல. "எனக்கு இது பத்தொம்பது வருசமாப் பழகிருச்சு. வர்றவிங்களுக்கு ஒரு வாரத்துல பழகிரும். பழகாதவிங்க போறாங்க. உனக்குத்தான் இன்னும் பழகல." பிறகு, "அந்தப் புள்ள காத்துட்டிருக்குது. என்ன சொல்லட்டும், மங்கல்னே சொல்லீரட்டா?" என்றார். கேலி இல்லை. அவள் மங்கல் என்றால் மங்கல் என்றே சொல்லியிருப்பார்.

பழகல என்கிறாரே. இருபத்திமூன்று வருஷமாக இந்தக் கைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேனே, ஜுரத்தில் இந்தக் கைதானே கஞ்சி ஊட்டிற்று, எனக்கா பழகவில்லை? வீட்டுக்குள் பழகிற்று. வெளியே? கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் இறங்கும்போது, கையைக் கொடு என்று அவர் நீட்டினால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவில்லையா? முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்தேனே, ஏன்? இப்போதுகூட யார் பார்க்கிறார்கள் என்று தெருவைப் பார்த்தவள் நான்தானே? இந்த எண்ணம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பல்புக்கும் போகவில்லை, பேசினுக்கும் போகவில்லை. குனிந்து கொசுவத்தைக் கம்பியிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள். கிழிந்தது. கிழியட்டும். வலது காலை முதலில் இறக்கினாள், தரை சில்லென்று பசை மாதிரி ஒட்டிற்று, இடது முழங்கால் சுளீர் என்றது. "சாந்தா, தரை" என்றார் அவர். அவள் கேட்கவில்லை. ஒவ்வோர் அடியும் சப்பென்று ஒட்டிப் பிரிந்தது. பன்னிரண்டடி தூரத்தைக் கடக்க அவளுக்கு ஒன்பது எட்டு ஆயிற்று. சட்டத்தருகில் போய்ப் போனை வாங்கினாள். "மிருதுளா, ஆன்ட்டி பேசறேன். பளிச்சுன்னே போட்டுரு. ஆமா கண்ணு. நல்லாத் தொடச்சுப் போடச் சொல்லு" என்றாள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

ஈரத்தில் பாதம் வழுக்கிற்று. அவர் சட்டத்துக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார், எப்போதும் நீட்டுகிற மாதிரி, பிடித்தால் பிடி, பிடிக்காவிட்டால் போ என்கிற மாதிரி. பிடித்துக்கொண்டாள். மாவும் வெண்ணெயுமாக, சூடாக இருந்தது. வாசலில், "ஐயோ, அக்கா! தரை!" என்று அந்தோணி அலறினான். டீ டம்ளரோடு நின்று, ஸ்டூலிலிருந்து வரிசையாகப் போன ஒன்பது காலடியையும், அது போய் முடிந்த இடத்தில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அந்த ஆட்டோக்காரர்கூட எட்டிப் பார்த்தார். சாந்தாமணிக்குக் கை ஒருதரம் உதறிக்கொள்ளப் பார்த்தது. உதறவில்லை. "மறுக்கா அடிச்சுக்க சாமி" என்றாள், விடாமல். "முக்கா மணி நேரந்தான?"